ஆறு நாளும் தூக்குகிறேன், எடை ஏறவில்லை

19 ஜனவரி 2025, ஞாயிறு, இரவு 9.10 (கேள்வி)

வயது 27. பதினொரு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். வாரத்தில் ஆறு நாள் எடை, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேர ஓட்டம். முதல் ஆறு மாதம் தூக்குகிற எடை மளமளவென்று ஏறியது. செப்டம்பரிலிருந்து ஸ்குவாட் (எடை மாட்டிய ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 80 கிலோவில் அப்படியே நிற்கிறது. இன்னும் இரண்டு செட் (நிறுத்தாமல் சில முறை தூக்குகிற ஒரு சுற்று) கூட்டு என்கிறார் ஜிம் மாஸ்டர். ஓய்வு எடுங்கள் என்று சொல்கிற எல்லோரும் தொந்தியோடு இருக்கிறார்கள். ஓய்வு நாள் என்பது சோம்பேறிகளின் சாக்கு என்பது என் கருத்து. மறுப்பவர்கள் அனுபவத்தோடு மறுக்கவும்.

19 ஜனவரி, இரவு 11.25 (பதில்)

தொந்தி எனக்கும் உண்டு. ஆனாலும் மறுக்கிறேன்.

எனக்கு 51 வயது. கோவை கணபதியில் இரும்பு கடைகிற சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 46 வயதில் முதன்முதலாக ராடைத் தொட்டேன். தாமதமாக வந்தவனுக்கு அவசரம் அதிகம் என்பார்கள். நானும் உங்களைப் போலவே ஆறு நாள் போனேன். எட்டாவது மாதத்தில் வலது தோள் பிடித்துக்கொண்டது. சட்டைக் கையை நுழைக்க மனைவியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஒரு மாதம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாளாகக் குறைத்தேன். ஆறு நாள் போனபோது 60 கிலோவைத் தாண்டாத ஸ்குவாட், மூன்று நாள் போனபோது நாலு மாதத்தில் 75 ஆனது.

லேத்தில் ஒரே வீச்சில் ஆழமாக வெட்டினால் வேலை சீக்கிரம் முடிவதில்லை, டூல் முனைதான் போகும். கொஞ்சம் வெட்டி, சூடு ஆறவிட்டு, மறுபடி வெட்ட வேண்டும். உடம்பும் அப்படித்தான். எடை தூக்கும்போது பலம் வருவதில்லை. தூக்கிய பிறகு ஒன்றிரண்டு நாள் தசை தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறதே, அப்போதுதான் வருகிறது. அந்தச் செப்பனிடும் வேலை முடிவதற்குள் மறுபடி இடித்தால் கொத்தனார் என்ன செய்வார்?

இரண்டு செட்டைக் கூட்டாதீர்கள். இரண்டு நாளைக் குறையுங்கள். இடைப்பட்ட நாட்களில் படுத்தும் கிடக்காதீர்கள், லேசாக நடங்கள். நடந்தால் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் கரைந்துவிடும், வலி குறையும்.

20 ஜனவரி, காலை 6.05

விட்டுப்போனது ஒன்று. உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் ஓய்வு அல்ல. அது ஏழாவது வேலை நாள்.

22 ஜனவரி, இரவு 10.15

19-ம் தேதி இரவு எழுதியதில் ஒரு தவறு. பிசியோதெரபி படித்த சகோதரி ஒருவர் தனிச்செய்தியில் காதைத் திருகினார். சபையில் சொன்ன பொய்யைச் சபையிலேயே திருத்த வேண்டும் என்றும் உத்தரவு.

லாக்டிக் அமிலத்துக்கும் மறுநாள் வலிக்கும் சம்பந்தமில்லை. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே ரத்தத்தில் அது பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. வலியோ மறுநாள்தான் தலைகாட்டுகிறது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்தைத் தொடுகிறது. இறந்தவன் மறுநாள் வந்து திருடினான் என்பதுபோல் இருக்கிறது என் வாதம். தசை சுருங்கிப் பிடித்தபடியே நீளும்போது, அதாவது எடையை இறக்கும்போதும் படி இறங்கும்போதும், இழைகளில் நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது. வலி அதன் பின்விளைவு.

ஆனாலும் நடை பயன்படும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். நடக்கும்போது வலி கொஞ்ச நேரம் மட்டுப்படுகிறது. ஆனால் அதனால் தசை வேகமாகத் தேறிவிடுகிறது என்று சத்தியம் செய்ய முடியாது என்கிறார் சகோதரி. சரி, சத்தியம் செய்யவில்லை.

26 ஜனவரி, ஞாயிறு, மதியம்

"மூன்று செட் பத்து முறை என்று யார் விதித்தது, ஆறு செட் செய்தால் இரட்டிப்புப் பலன்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. அதற்குப் பின்னால் நல்ல கதை இருக்கிறது.

தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் இரண்டாம் உலகப் போரில் கால் முடங்கிய வீரர்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். காயம்பட்டவனை அசையவிடக் கூடாது என்று நினைத்த காலம் அது. 1945-ல் அவர் எழுதியபோது பத்து முறை வீதம் ஏழு முதல் பத்து செட். மூன்று வருடம் கழித்து, 1948-ல், அதை மூன்று செட்டாகச் சுருக்கிவிட்டார். அந்த மூன்றிலும் முதல் செட் பாதி எடை, இரண்டாவது முக்கால், மூன்றாவதுதான் முழு எடை. அதாவது பத்து செட் செய்து பார்த்த மனிதரே, உண்மையில் கடினமான செட் ஒன்று போதும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பாதியையும் முக்காலையும் மறந்துவிட்டு மூன்று என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

ஒரு செட்டோடு நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் வயதுக்குக் கூடுதலாகவே தாங்கும். ஒரு வாரத்தில் உண்மையாகவே கடினமாக இருந்த செட்கள் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப்பாருங்கள். நான் எண்ணியபோது ஆறு நாளில் கடினமானது பாதிகூடத் தேறவில்லை. மீதியெல்லாம் அரை மனதோடு இழுத்தவை. களைப்பை மட்டும் அவையும் குறைவில்லாமல் கொடுத்தன.

2 பிப்ரவரி, இரவு

ஓடினால் பலம் போய்விடுமா? இதற்கு 1980-ல் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் செய்த சோதனையைத்தான் எல்லோரும் இழுக்கிறார்கள். பத்து வாரம், மூன்று குழு. எடை மட்டும் ஒரு குழு, ஓட்டமும் சைக்கிளும் மட்டும் ஒரு குழு, இரண்டையும் செய்தது மூன்றாவது. இந்த மூன்றாவது குழுவின் பலம் ஏழெட்டு வாரம்வரை ஏறிப் பிறகு நின்றது. கடைசி இரண்டு வாரத்தில் இறங்கியது.

இதைப் படித்துவிட்டு எங்கள் ஜிம்மில் ஒருவர் பஸ் நிறுத்தத்துக்கு நடப்பதையே நிறுத்திவிட்டார், ஸ்கூட்டரில் வருகிறார். ஹிக்சன் கொடுத்தது வாரம் ஐந்து நாள் கால்களுக்குப் பளுவான எடை. அதன்மேல் வாரம் ஆறு நாள், தினமும் நாற்பது நிமிடம், மூச்சிரைக்க ஓட்டமும் சைக்கிளும். மாட்டு வண்டியில் லாரிச் சுமை. அதில் காலாற நடந்தவர் ஒருவரும் இல்லை. உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்தான் அந்தச் சோதனைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் நிற்கிறது.

லேசா கடினமா என்று பார்க்க எனக்குள்ள அளவுகோல் வாய்தான். பாட்டுப் பாட முடிந்தால் லேசு. பேச முடிந்து பாட முடியாவிட்டால் நடுத்தரம். நாலு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் அது கடினம், காலண்டரில் எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் கடினம்தான்.

9 பிப்ரவரி

மேலே எழுதிய அறிவுரையை எழுதியவனே கடைப்பிடிக்கவில்லை என்பது நேற்று அம்பலமானது.

தீபாவளிக்கு மகள் கையில் கட்டுகிற காலடி எண்ணும் கருவி வாங்கித் தந்தாள். அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ரேஸ்கோர்ஸ் நடைபாதைதான். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். நவம்பரில் ஒரு சுற்று, டிசம்பரில் இரண்டு, ஜனவரியில் மூன்று, அதுவும் முந்தைய நாளைவிட ஒரு நிமிடமாவது குறைத்து. முன்னால் ஒருவர் போனால் தாண்டாமல் விட முடிவதில்லை. நேற்று ஒரு பெரியவரை, எழுபது வயதாவது இருக்கும், மூச்சுப் பிடித்துத் தாண்டினேன். அவர் செல்போனில் பேசிக்கொண்டே என்னைத் திரும்பத் தாண்டிப் போனார்.

இரவு பத்தரைக்கு எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தொடாமல் 9,400-ல் நின்றது என்று கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். "வீட்டுக்குக் காவல் வேண்டாம், படுங்கள்" என்றாள் மனைவி.

இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது நொந்துபோனேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சூட்டில், 1965-ல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று அடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் மான்போ-கெய், பத்தாயிரம் அடி அளவி என்று பொருள். மருத்துவர் யாரும் எழுதிக்கொடுத்த மருந்துச்சீட்டு அல்ல, ஒரு பொருளின் பெயர். அதற்காகக் கூடத்தில் நடந்திருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரையில் அடிக்கணக்கே இல்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி, அவ்வளவுதான்.

கருவியை மகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள். அவன் அதைக் கையில் கட்டிக்கொண்டு கேரம் ஆடுகிறான்.

3 மார்ச், திங்கள், இரவு

பட்டறை மாடியிலிருந்து இன்று பின்னோக்கிப் படி இறங்கினேன். ஏன் என்று சொல்கிறேன், சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.

பட்டறைப் பையன்கள் வருடாவருடம் வெள்ளியங்கிரி போவார்கள். சிவராத்திரிக் கூட்டம் கழியட்டும் என்று இந்த முறை வெள்ளிக்கிழமை இரவு கிளம்பினார்கள். நானும் வருகிறேன் என்றேன். வியாழக்கிழமையே டெட்லிஃப்டை (தரையில் கிடக்கும் ராடைத் தூக்கி நிமிர்வது) முடித்துக்கொண்டேன். 110 கிலோ, இந்த வருடத்தின் அதிகபட்சம். மலை ஏறுவதை டைரியில் "வெள்ளி: லேசான பயிற்சி, நடை" என்று குறித்திருக்கிறேன். என் கையெழுத்துதான், மறுக்க முடியாது.

பூண்டி அடிவாரத்தில் மூங்கில் கம்பு வாங்கிக்கொண்டு ஏறினோம். ஏழு மலை. படிகள் செங்குத்தாக நிற்கிற முதல் மலையிலேயே நாக்கு வெளியே வந்துவிட்டது. ஆனாலும் எடை தூக்கிய கால் ஏறுவதற்கு நன்றாகவே ஒத்துழைத்தது. வெள்ளை விநாயகர் கோயிலில் பையன்களுக்காக நான்தான் காத்திருந்தேன். ஆறாவது மலையில் ஆண்டி சுனைத் தண்ணீரில் கால் வைத்தபோது பல் கிட்டித்தது. விடியும்போது ஏழாவது மலையில் சாமி தரிசனம். அதுவரை நான் ராஜா.

இறங்கும்போதுதான் கணக்குத் தீர்ந்தது. மூன்றாவது மலைக்கு வருவதற்குள் தொடை இரண்டும் தையல் இயந்திர ஊசிபோல் ஆடின. கம்பு இல்லாவிட்டால் உருண்டே வந்திருப்பேன். கடைசிப் படிகளில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "மெதுவா வாங்க தாத்தா" என்றான். உடம்பு வலித்ததைவிட இது வலித்தது.

5 மார்ச்

இன்னும் படி இறங்க முடியவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது பழைய முறைக் கழிப்பறை. மேற்கொண்டு விவரிக்க விரும்பவில்லை.

8 மார்ச், சனி

இப்போது நடக்கிறேன். யோசிக்க நேரம் கிடைத்தது.

ஜனவரி 22 குறிப்பில் நானே எழுதிவைத்திருக்கிறேன், படி இறங்கும்போதுதான் சிதைவு என்று. எழுதியவன் படிக்கவில்லை. ஆறு கிலோமீட்டர் அளவுக்கு இறக்கம், ஒவ்வொரு படியிலும் முழு உடம்பின் எடையைத் தொடை பிரேக் போட்டுத் தாங்குகிறது. எத்தனை ஆயிரம் படி என்று எண்ணவில்லை. ஜிம்மில் ஸ்குவாட்டை இருபத்தைந்து முறைக்கு மேல் செய்யாதவன் நான்.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. இப்படி ஒருமுறை அடிவாங்கிய தசை அடுத்த சில வாரங்களுக்குள் அதே வேலையைச் சந்தித்தால் இந்த அளவுக்கு வலிப்பதில்லை. பள்ளியில் வாத்தியார் முதல் நாள் நூறு தோப்புக்கரணம் போடச்சொன்னால் இரண்டு நாள் நொண்டுவோம். அடுத்த வாரம் அதே நூறு சாதாரணம். எனக்கு அந்த அனுபவம் நிறைய உண்டு.

சகோதரி ஒரு எச்சரிக்கையும் சேர்க்கச் சொன்னார், இது வேடிக்கை அல்ல. பழக்கமில்லாதவர் திடீரென்று அளவுக்கு மீறிச் செய்து, தசை வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

16 மார்ச், ஞாயிறு

"நம் தாத்தாக்கள் ஓய்வு நாள் பார்த்தார்களா, இளவட்டக்கல்லைத் தூக்கவில்லையா" என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

என் அம்மாவின் ஊர் தூத்துக்குடிப் பக்கம். கோயில் முன்னால் உருண்டையாக ஒரு கல் கிடக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கல்லை அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போட வேண்டும். பிடிமானமே இல்லாத வழவழப்பு. 110 கிலோ ராடு தூக்குகிற என்னைப் போன்றவன் அதில் பாதியைத் தூக்கினாலே பெரிது. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி இன்றும் போட்டி நடக்கிறது.

கவனியுங்கள், அது பொங்கலுக்குப் பொங்கல். நடுவில் ஆசைக்கு அசைத்துப் பார்த்திருப்பார்கள், வாரம் ஆறு நாள் தூக்கவில்லை. மற்ற நாட்களில் ஏர் பின்னால் நடை, மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கமலை இறைப்பு, சந்தைக்கு நடை. கடினம் எப்போதோ ஒருமுறை, லேசு எப்போதும். இன்றைக்கு மாஸ்டர்கள் எழுதித்தரும் அட்டவணையைவிட அது நன்றாகத்தான் இருக்கிறது.

எழுதி முடித்ததும் தாத்தாவின் முழங்கால் நினைவுக்கு வருகிறது. அறுபதில் திண்ணையை விட்டு இறங்க முடியாமல் போனார். கமலை இறைப்பதை லேசு என்று எழுதிய என்னை அவர் கம்பால் அடித்திருப்பார். ஆக, மேலே உள்ள பத்தியைப் பாதியாகக் குறைத்துப் படியுங்கள்.

30 மார்ச், இரவு 11.50

மூன்று நாள், மூன்று நாள் என்று ஜனவரியிலிருந்து ஓதிக்கொண்டிருக்கிறேன். அதையும் திருத்த வேண்டியிருக்கிறது.

நிதியாண்டு முடிவு. பத்து நாளாக இரவு இரண்டு ஷிப்ட், தூக்கம் நாலரை மணி நேரம். அட்டவணைப்படி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போனேன், ஓய்வு நாளில் ஒரு சுற்று மட்டும் நடந்தேன், பாட்டுப் பாடிக்கொண்டே. எல்லாம் சரியாகச் செய்தும் வெள்ளிக்கிழமை 70 கிலோ, பத்து நாள் முன்பு விளையாட்டாகத் தூக்கியது, முதுகில் பீரோவை ஏற்றியதுபோல் இருந்தது.

காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடி பார்ப்பது பழக்கம். வழக்கமாக 62. இந்த வாரம் 70, 71, 73. உடம்பு மூன்று நாளாகத் தந்தி அடித்துக்கொண்டே இருந்தது, நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு நாள் என்று கட்டம் போட்டுவிட்டால் ஓய்வு கிடைத்துவிடாது. அன்று இரவு தூங்கியும் இருக்க வேண்டும். தூங்காத வாரத்தில் மூன்று நாள்கூட அதிகம். இரண்டு போதும், எடையும் பாதி போதும்.

இன்னொன்று. முதல் குறிப்பில் லேத் டூலை உவமை சொன்னேன், பலரும் பாராட்டினார்கள். இப்போது யோசித்தால் அது உதவாத உவமை. டூல் ஆறினால் பழைய டூல்தான். ஆற ஆறக் கூர் ஏறுகிற டூலை நான் பார்த்ததில்லை. கிடைத்தால் சொல்லுங்கள், பட்டறைக்கு நாலு வாங்கிக்கொள்கிறேன்.

13 ஏப்ரல்

புரதப் பொடி பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சொல்வது, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். அது சாதாரண மனிதருக்கு. எடை தூக்குகிறவருக்குக் கூடுதல் வேண்டும். ஆய்வுகளில் அடிக்கடி வருகிற எண் 1.6. முட்டை ஒன்றில் சுமார் ஆறு கிராம், இட்லி ஒன்றில் இரண்டு. எண்பது கிலோ மனிதர் இட்லியிலேயே சமாளிப்பேன் என்றால் மாவரைப்பதே தனிப் பயிற்சி ஆகிவிடும். நான் சுண்டல், முட்டை, தயிர், ஞாயிறு மீன். பொடி வாங்குவதும் வாங்காததும் உங்கள் பாடு.

20 ஏப்ரல், ஞாயிறு

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்திருக்கிறார். பிப்ரவரி நடுவிலிருந்து வாரம் மூன்று நாள், ஞாயிறு ஓட்டத்துக்குப் பதில் நடை. ஸ்குவாட் 92.5. "நீங்கள் சொன்னது சரி" என்று எழுதியிருக்கிறார்.

சரிதானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அவரே போகிற போக்கில் இன்னும் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாரே, கவனித்தீர்களா? மார்ச்சில் இரவு வேலை மாறிப் பகல் வேலை கிடைத்திருக்கிறது. அம்மா ஊரிலிருந்து வந்து இரண்டு மாதமாகச் சமைத்துப்போடுகிறார். 12.5 கிலோவில் ஓய்வு நாளுக்கு எவ்வளவு, தூக்கத்துக்கு எவ்வளவு, அம்மாவின் சாம்பாருக்கு எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியாது. மாஸ்டரின் பெயரையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுபது கிலோவிலேயே முதுகு வளையாமல் இறங்கப் பழக்கியவர் அவர்தானே.

ஓய்வு நாள் சோம்பேறிகளின் சாக்கு என்று முதலில் எழுதியதை மட்டும் அவர் இன்னும் வாபஸ் வாங்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. எனக்கு அது சாக்காகப் பயன்பட்ட வாரங்களும் உண்டு.

4 மே, ஞாயிறு

மே மாதத்தோடு வெள்ளியங்கிரி மலைப்பாதையை மூடிவிடுவார்கள். போன தடவை வராத பையன்கள் வெள்ளிக்கிழமை கிளம்புகிறார்கள், வருகிறீர்களா என்கிறார்கள். சரி என்றேன். டைரியில் இந்த முறை "வெள்ளி: மலை" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் புதனும் வியாழனும் வெறுமையாக இருக்கின்றன, பின்னால் ஒரு வாரம் முழுவதும். மூங்கில் கம்பைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்துவிட்டேன். அதன் மறுமுனை ஒட்டடை அடித்தே தேய்ந்திருக்கிறது.